பதினொன்று புள்ளி நான்கு

மார்ச் 2

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டால் அதற்கும் ஒரு குத்தல் பதில் வரும். அதனால் கேட்கவில்லை. அப்பா போன அன்று சண்டை போட்டுவிட்டு என் எண்ணை உன் போனில் தடை செய்தாய். பதினான்கு மாதமாகியும் அப்படியே இருக்கிறது. அண்ணியைக் கூப்பிட்டால், "அவர் பக்கத்துலதான் நிக்கிறார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். ஆகவே தபால். இதையாவது கிழிக்காமல் படி.

நான் இருப்பது வறட்சி அபாய மதிப்பீட்டுப் பிரிவு என்பது உனக்குத் தெரியும். நாட்டின் அறுபத்திரண்டு ஆற்றுப் பகுதிகளையும் ஐந்து படிகளில் பிரித்து அறிக்கை தயாரித்திருக்கிறோம். ஒன்று என்றால் கவலையில்லை, ஐந்து என்றால் கொடிய வறட்சி. ஏப்ரல் 28 அன்று தேசிய நீர்க் கொள்கைக் குழு கூடி அதை ஏற்கும். மூன்றாம் படிக்கு மேல் உள்ள பகுதியிலிருந்து வெளியே ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. அதற்குக் கீழே இருந்தால் எடுக்கலாம். ஒருமுறை முடிவாகிவிட்டால் பத்து வருஷத்துக்கு மாற்றம் கிடையாது.

உன் அணை இருக்கும் பகுதி இரண்டாம் படியில் வந்திருக்கிறது. அதாவது தலைநகருக்குக் குழாய் போடும் திட்டத்துக்கு உங்கள் தண்ணீர் போகும். மழை வழக்கம்போலப் பெய்திருக்கிறது, ஆனால் அணையில் நீர் சேரவில்லை, காரணம் நிர்வாகக் கோளாறு என்று அறிக்கை சொல்கிறது. அணைப் பிரிவுப் பொறியாளரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அந்தப் பொறியாளர் நீதான். திடுதிப்பென்று கையில் விழ வேண்டாமே என்று முன்கூட்டிச் சொல்கிறேன். இதற்கும் என் மேல் எரிந்து விழுவாய், தெரியும்.

தங்கை

மார்ச் 9

தலைநகரத்து மேதைக்கு,

உன் கடிதத்துக்கு மறுநாளே நோட்டீஸும் வந்துவிட்டது. அடடா, என்ன அக்கறை! அடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடிக்கிறாய். அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமா?

மழை வழக்கம்போலப் பெய்திருக்கிறதாம். யார் தலையில் பெய்தது? உன் தலையிலா? நான் உட்கார்ந்திருக்கும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய சாலை தெரிகிறது. மைல்கல் தெரிகிறது, அதில் எழுதியிருக்கும் எண்ணைக்கூடப் படிக்கலாம். போன வாரம் ஒருவன் அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். மதகுக் கதவின் அடிப்பாகம் காய்ந்து துருவாக உதிர்கிறது. ஊருக்குள் நாலு நாளைக்கு ஒருமுறை நாற்பது நிமிஷம் குழாயில் தண்ணீர் வருகிறது. நான் ஜீப்பில் போனால் ஜனங்கள் வழிவிடுவதில்லை. "இவன்தான் தண்ணிய விக்கிறான்" என்று என் காதுபடச் சொல்கிறார்கள். இப்போது நீயும் அதையே முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறாய்.

நான் தண்ணீர் திருடனா? வாயைத் திறந்து கேட்டுவிடு, தங்கச்சி. நோட்டீஸுக்குப் பின்னால் ஏன் ஒளிகிறாய்?

அதுசரி, இந்த வீட்டில் நடப்பது உனக்கு எப்போது தெரிந்திருக்கிறது, இது மட்டும் தெரிவதற்கு! அப்பாவுக்குக் கண் போய் ஆறு வருஷம் இருந்தார். நீ வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் திரும்பும் டிக்கெட்டோடு வந்தாய். அவரைக் குளிக்க வைத்தது யார், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது யார் என்று உன் அறிக்கையில் ஏதாவது பத்தி இருக்கிறதா? அவர் போனபிறகு வாசலில் நின்றுகொண்டு "கண் ஆஸ்பத்திரிக்கு என்கிட்ட அனுப்பியிருக்கலாமே" என்று ஊர் கேட்கக் கத்தினாய். அந்த வாயை நான் மறக்கவில்லை.

உன் வரைபடத்தைச் சுருட்டி எங்கேயாவது வைத்துக்கொள். எங்கள் பகுதியை நான்காம் படிக்கு மாற்று. மாற்றிவிட்டுக் கடிதம் எழுது.

அணைப் பிரிவுப் பொறியாளர்
(உனக்கு இனி அவ்வளவுதான்)

மார்ச் 15

அண்ணனுக்கு,

மாற்று என்றால் மாற்றிவிட, இது அடுப்பில் இருக்கும் பாத்திரம் இல்லை. நாங்கள் வண்ணப் பென்சிலை வைத்துக்கொண்டு விளையாடவும் இல்லை.

எப்படிக் கணக்கிட்டோம் என்று சொல்கிறேன், பொறியாளர்தானே, புரியும். வறட்சி என்றால் வானம் தரவில்லை என்று பொருள். வானம் தந்தும் அணையில் இல்லையென்றால் அது வறட்சி அல்ல, யாரோ எடுக்கிறார்கள் அல்லது யாரோ விடுகிறார்கள். அதனால் மழைக்குத்தான் முதல் இடம். உங்கள் அணைக்கு மேலே மூன்று மழைமானிகள் இருந்தன. ஒன்றை வெள்ளம் கொண்டுபோயிற்று, மறுபடி யாரும் வைக்கவில்லை. இன்னொன்றின் புனலில் குளவி கூடு கட்டியது. அதைப் பார்க்கக்கூட ஆளில்லாமல் மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. நம் குவார்ட்டர்ஸ் பின்முற்றத்தில், கம்பி வேலிக்குள் இருக்கிற அப்பாவின் மழைமானி.

முப்பத்தேழு வருஷம், ஒருநாள் விடாமல், காலை எட்டரை மணிக்கு எடுத்த அளவு. நாட்டிலேயே இவ்வளவு சுத்தமான பதிவு நாலைந்துதான் இருக்கும். அந்தப் பதிவுதான் சொல்கிறது: முந்தைய முப்பத்தொரு வருஷச் சராசரி 640 மில்லிமீட்டர். அப்பாவின் கடைசி ஆறு வருஷச் சராசரி 634. அவர் போன பிறகு, நீ அளந்த இந்த ஒரு வருஷம்தான் குறைவு. ஒரு வருஷத்தை வைத்துப் படியை ஏற்ற முடியாது. அதே ஆறு வருஷத்தில் அணைக்கு வந்த நீர் வழக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மீதி எங்கே போயிற்று?

உன்னைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே யாரோ எடுப்பதைக் கண்டும் காணாமல் இருக்கிறாயா என்று கேட்கிறேன். கேட்பது என் வேலை. இது என் அண்ணனின் அணை என்று இயக்குநரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "அப்போ இன்னும் கவனமா பாருங்க" என்றார். பார்க்கிறேன்.

கண் ஆஸ்பத்திரி பேச்சை எடுத்தாய். எடுத்ததால் சொல்கிறேன். மூன்று தடவை வண்டி ஏற்பாடு செய்தேன். மூன்று தடவையும் "அப்பா வரமாட்டேங்கிறார்" என்றாய். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, எட்டரை மணிக்கு மழைமானியை யார் பார்ப்பார்கள் என்கிறார் என்றாய். கண் தெரியாத மனிதர் எதைப் பார்க்கிறார்? நீதான் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாய். அவரைச் சாக்காக வைத்து என்னைத் தள்ளி வைத்தாய்.

தங்கை

மார்ச் 21

உனக்கு,

நீளமாக எழுத எனக்கு நேரமில்லை. முந்தாநாள் லாரித் தண்ணீர் வரிசையில் தள்ளுமுள்ளு. உன் அண்ணி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. இடது கை, கட்டுப் போட்டிருக்கிறது. பொறியாளர் பெண்டாட்டி என்பதால்தான் தள்ளினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டர், மாவு குழைக்கத் தண்ணீர் இல்லாமல் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். இதுதான் உன் இரண்டாம் படி.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த மழைமானியை விட்டுவிடு. அணைக்கு வந்த நீரை வைத்துக் கணக்குப் போடு. கிணறுகளின் ஆழத்தைக் கேள், அனுப்புகிறேன். ஒரு நாட்டின் கொள்கையையே ஒரு தகரப் புனலில் தொங்கவிட்டிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? அந்த ஆறு வருஷத்தைக் கணக்கில் சேர்க்காதே. ஏன் என்று கேட்காதே.

மேலே யாரும் எடுக்கவில்லை. நான் நடந்தே போய்ப் பார்த்துவிட்டேன். ஓடையெல்லாம் கல். எடுக்க ஏதாவது இருந்தால்தானே?

அண்ணன்

மார்ச் 27

அண்ணனுக்கு,

அண்ணியின் கை எப்படி இருக்கிறது? அவரிடம் நான் கேட்டதாகச் சொல். சொல்ல மாட்டாய், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

"ஏன் என்று கேட்காதே" என்று எழுதினாயே, அந்த ஒரு வரி போதும் எனக்கு. இருபது வருஷமாக இந்த வேலையில் குப்பை கொட்டுகிறேன். கேட்காதே என்று எவன் சொன்னாலும் அங்கேதான் முதலில் தோண்டுவேன்.

கணினியில் ஏறிய எண்களை ஓரம் வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து மாத அட்டைகளையே எடுத்தேன். அந்த ஆறு வருஷத்துக்கு எழுபத்திரண்டு அட்டை. மழை என்பது ஒருநாள் 3.2 பெய்யும், ஒருநாள் 27.8 பெய்யும். ஒரே அளவு திரும்ப வருவதே அபூர்வம். இந்த அட்டைகளில் 11.4 என்ற எண் தொண்ணூற்றேழு தடவை வருகிறது. தொண்ணூற்றேழு! அதற்கு முந்தைய முப்பத்தொரு வருஷத்தில் ஐந்து தடவை. அப்பா போனபிறகு ஒருதடவைகூட இல்லை. அவற்றில் சில நாட்களின் மேகப் படங்களை வரவழைத்தேன். துடைத்து வைத்தது போல வானம்.

கையெழுத்து அப்பாவுடையது. ஏழுக்குக் குறுக்கே கோடு, நாலின் வால் நீளம். ஆனால் அப்பாவுக்கு அப்போது கண் இல்லை. நான் இரண்டாவது தடவை வந்தபோது என் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார். அப்படியானால் அவர் கையெழுத்தை யார் போட்டது? நீதானே? வெளியே போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, உள்ளே உட்கார்ந்தபடி வாய்க்கு வந்த எண்ணை எழுதி, அப்பா எழுதியது போலப் பூசி மெழுகி அனுப்பியிருக்கிறாய். உன் கள்ளப் பதிவால்தான் உன் ஊர் இரண்டாம் படியில் கிடக்கிறது. இதில் என்னைப் பார்த்து வெட்கமில்லையா என்று வேறு கேட்கிறாய்!

ஒரு வாரம் தருகிறேன். பதில் வராவிட்டால் இயக்குநரிடம் போவேன்.

தங்கை

ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

பாதி கண்டுபிடித்திருக்கிறாய். மீதியை நான் சொன்னால்தான் உண்டு. சொல்லிவிட்டுப் போகிறேன். இனி இதை வைத்துக்கொண்டு எனக்கு ராத்தூக்கமும் இல்லை, பகல் சோறும் இல்லை.

முதலில் ஒன்று. அட்டையில் இருப்பது அப்பாவின் கையெழுத்தேதான். நான் ஒரு எழுத்தும் போடவில்லை. கண் மங்கத் தொடங்கியபோதே அவர் ஒரு மெல்லிய குச்சியை எடுத்து, மழைமானித் தண்ணீரை ஊற்றி அளக்கும் கண்ணாடியின் கோடுகளுக்குச் சரியாக அதில் வெட்டு வெட்டி வைத்துக்கொண்டார். கண்ணாடிக்குள் குச்சியை விடுவார், எடுப்பார், ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கட்டைவிரலால் தடவிச் சொல்வார். முதல் வருஷம் முழுக்க நான் பக்கத்தில் நின்று கண்ணால் சரிபார்த்தேன். புள்ளி ஒன்றுக்கு மேல் ஒருநாளும் தவறியதில்லை. எழுதுவதற்கு உன் அண்ணி ஒரு அட்டையில் சின்னச் சின்ன ஜன்னல் வெட்டிக் கொடுத்தாள். அதை மாத அட்டையின் மேல் வைத்து இரண்டு குண்டூசி குத்திவிடுவாள். அந்த ஜன்னலுக்குள் அவர் எழுதுவார்.

இரண்டாவது வருஷம் மழை நின்றது. மழைக்காலத்திலேயே நாற்பத்திரண்டு நாள் கண்ணாடி காலி. தினமும் குச்சியை விட்டு எடுத்து விரலால் தடவுவார். ஒன்றுமில்லை. நாற்பதாவது நாள் என்னைப் பார்த்து, "விரலும் போச்சாடா?" என்று கேட்டார். இல்லப்பா, மழை இல்லை என்றேன். நம்பவில்லை. "மழைமானிய எங்கடா தூக்கிப் போட்டே? வெறும் கண்ணாடிய நீட்டி ஏமாத்தறியா?" என்று என் சட்டையைப் பிடித்தார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். இரண்டு நாள் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டி அனுப்புவாய்.

மூன்றாம் நாள் காலை உன் அண்ணி, அடுக்களையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துப் போய்ப் புனலில் ஊற்றிவிட்டு வந்தாள். "ஒரு தம்ளர் தண்ணிதானே, மனுஷன் சாப்பிடட்டும்" என்றாள். எட்டரைக்கு அப்பா குச்சியை விட்டார். விரல் நின்றது. முகம் எப்படி ஆனது என்று உனக்கு எழுத எனக்குத் தெரியாது. "பதினொண்ணு புள்ளி நாலு" என்றார். அன்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார்.

அப்புறம் அவர் தட்டைத் தள்ளும் போதெல்லாம் ஊற்றினோம். சில நாள் அவள், பல நாள் நான். எப்போதும் அதே எவர்சில்வர் தம்ளர், விளிம்பு வரை. வேறு தம்ளர் எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு முட்டாள்கள் நாங்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் ஒரு தம்ளரை மழைக்கென்று எடுத்து வைத்தோம்.

அப்பா சொன்ன எண் ஒன்றுகூடத் தப்பில்லை. கண்ணாடியில் இருந்ததைத்தான் எழுதினார். மழைதான் பொய்.

அந்த அட்டை உன் ஆபீசில் போய் இப்படி ஊர் குடியைக் கெடுக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே புரிந்துவிட்டது. உன்னைத் திட்டினால் போய்விடும் என்று பார்த்தேன். போகவில்லை.

இப்போது உன் இயக்குநரிடம் போ.

அண்ணன்

ஏப்ரல் 10

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். முடித்ததும் உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. இன்னமும் இருக்கிறது. ஒருவர் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஒரு ஊர் பட்டினி கிடக்கலாமா? நீ படித்தவன். அணைப் பொறியாளன். மழைமானியில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு போன் செய்து "இந்த நாட்களை அடித்துவிடு" என்று என்னிடம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. என்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்ற உன் வீம்பு ஐந்து வருஷம் ஊற்றிக்கொண்டிருந்தது.

கணக்கை மறுபடி போட்டேன். உன் தம்ளரைக் கழித்தால் சராசரி 634 இல்லை, 450. நான்காம் படி. சந்தேகமே இல்லை.

ஆனால் சும்மா கழிக்க முடியாது. சந்தேகத்தின் பேரில் எந்தப் பதிவையும் நீக்கக் கூடாது என்பது விதி. நீக்குவது நானாக இருந்தால் "பிறந்த ஊருக்குச் சலுகை" என்பார்கள். யார், எப்படி, எத்தனை நாள் ஊற்றினார்கள் என்று கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும். கொடுத்தால் உன் வேலை போகும், வழக்கும் வரலாம். கொடுக்காவிட்டால் 28-ஆம் தேதி இரண்டாம் படி உறுதியாகிவிடும், அடுத்த வருஷம் குழாய் போட ஆட்கள் வருவார்கள். இரண்டில் எது என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணியின் பெயர் வேண்டாம், அதை மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், உன்னை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துப் போக எனக்கு மனம் வரவில்லை. வருகிற பதிவுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. ஒரே எண் இத்தனை தடவை வந்தால் முதல் வருஷமே பிடித்திருக்க வேண்டும். மற்ற எல்லா நிலையத்தையும் சல்லடை போட்டுச் சலித்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் பார்க்காமலே "சரி" என்று போட்டேன். அப்பா அட்டையில் என்ன தப்பு இருக்கும் என்று. ஆறு வருஷமும்.

தங்கை

ஏப்ரல் 16

தங்கச்சிக்கு,

வாக்குமூலம் உள்ளே இருக்கிறது. இரண்டு கையெழுத்து. பெயர் வேண்டாம் என்று நீ எழுதியதைச் சொன்னதும் உன் அண்ணி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "முதல் தம்ளர் என் கையில இருந்துச்சு. எனக்கு யாரும் பரிஞ்சு பேச வேணாம்" என்றாள். நல்லவேளை, முறிந்தது இடது கை.

தனிப் பார்சலில் அந்தத் தம்ளர் வருகிறது. அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை உனக்காகக் கொடுக்கவில்லை. உன் நியாயப் பேச்சுக்கு மயங்கியும் கொடுக்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போன தண்ணீர் லாரியை வழிமறித்து ஜனங்கள் குடத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். என்னைச் சமாதானம் பேசக் கூப்பிட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து "பொறுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்து கையெழுத்துப் போட்டேன்.

ஒரு நிபந்தனை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அப்பாவின் முப்பத்தேழு வருஷத்தில் ஒரு கோடு விழக் கூடாது. அவர் அளந்தது சரி என்று அந்தக் குழுவின் பதிவில் ஏற வேண்டும். அதைச் செய்ய உனக்குத் துப்பில்லை என்றால், இனி இந்த வீட்டு முகவரியை மறந்துவிடு.

அண்ணன்

மே 2

அண்ணனுக்கு,

முதலில் உனக்கு வேண்டியது. உங்கள் பகுதி நான்காம் படி. குழாய்த் திட்டத்திலிருந்து உங்கள் அணையை நீக்கிவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு யாரும் தொட முடியாது. முதல் கட்டமாகத் தண்ணீர் லாரிகள் இந்த வாரம் வரும். நீ பணியிடை நீக்கம், விசாரணை முடியும்வரை. குவார்ட்டர்ஸை ஜூன் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். நான் மதிப்பீட்டுப் பிரிவில் இல்லை. நூலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறேன்.

இனி அப்பா.

குழு உறுப்பினர் ஒருவர் எடுத்த எடுப்பில், "ஒருமுறை கை வெச்ச நிலையத்த எப்படி நம்பறது? முப்பத்தேழு வருஷத்தையும் தூக்குங்க" என்றார். இதைச் சொல்வார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால் நான்கு நாள் முன்பிருந்தே அட்டைகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

அட்டையின் பின்பக்கம் ஒரு சின்ன முள் போல. திருப்பினால் 11.4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஊசி குத்திய ஓட்டை. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தடவினால் தெரியும். எழுபத்திரண்டு அட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். தொண்ணூற்றாறு குத்து. எல்லாம் 11.4-க்குப் பக்கத்தில். வேறு எந்த எண்ணுக்கும் இல்லை. அண்ணி அந்த ஜன்னல் அட்டையைக் குத்தி வைப்பாரே, அந்தக் குண்டூசியை அப்பா உருவிக் குத்தியிருக்கிறார்.

11.4 தொண்ணூற்றேழு தடவை என்று எழுதியிருந்தேனே. ஒன்றில் மட்டும் குத்து இல்லை. மூன்றாம் வருஷம், அக்டோபர் 19. மேகப் படத்தை எடுத்தேன். உங்கள் மலை மேல் கருகும்மென்று மேகம். அன்று பெய்தது நிஜ மழை, தற்செயலாக அதே அளவு. அதை அவர் குத்தவில்லை.

அவருக்குத் தெரியும், அண்ணா. முதல் நாளிலிருந்தே. முற்றத்து மண் காலடியில் காய்ந்து கிடக்கும்போது கண்ணாடியில் மட்டும் எப்படித் தண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியாதா? நீங்கள் கஷ்டப்பட்டு ஊற்றியதற்காகச் சாப்பிட்டார். கண்ணாடியில் இருந்ததை மறைக்காமல் எழுதினார். அது மழை இல்லை என்று பக்கத்திலேயே குத்தியும் வைத்தார்.

குழுவின் முன்னால் அட்டைகளை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் தடவினார். தம்ளரை நிரப்பி அவர்கள் எதிரிலேயே அளந்தோம். 11.4. குத்திய நாட்களை மட்டும் நீக்கி, மற்றதெல்லாம் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. "பதிவாளர் அளந்தது சரி" என்று பதிவில் ஏறியிருக்கிறது. நகல் உள்ளே.

உன் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன் என்று மார்தட்ட முடியவில்லை. அட்டைகள் என் பிரிவுக்குத்தான் வரும் என்று அப்பாவுக்குத் தெரியும். எடுத்துப் பார்ப்பேன் என்று நம்பித்தான் குத்தினார். மாதா மாதம் எனக்குச் சொல்லியிருக்கிறார், ஐந்து வருஷம். எண்களைக் கணினியில் ஏற்றிவிட்டு அட்டைகளைப் பீரோவில் போட்டார்கள். நான் ஒன்றைக்கூடக் கையில் எடுக்கவில்லை. மார்ச்சில் எடுத்தபோதும் கண்ணால்தான் பார்த்தேன்.

தம்ளர் என் மேஜையில் இருக்கிறது. திருப்பி அனுப்பட்டுமா என்று அண்ணியிடம் கேட்டு எழுது. என் எண்ணைத் திறந்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை.

தங்கை

மே 12

தங்கச்சிக்கு,

நகல் கிடைத்தது. உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்ப் பின்முற்றத்தில் மழைமானி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சே சாப்பிட்டாரா, தெரிஞ்சே சாப்பிட்டாரா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் உனக்குச் சொன்னார், நீ பார்க்கவில்லை. எங்களுக்குச் சொல்லவே இல்லை, நாங்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தோம். இதில் யாரை யார் மன்னிப்பது? எனக்கு உன் மேல் கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. உன் போன் எண் அப்படியே தடையில் இருக்கட்டும்.

தம்ளரை நீயே வைத்துக்கொள். இந்த வீட்டில் இனி அதில் யாராலும் தண்ணீர் குடிக்க முடியாது.

ஜூன் கடைசிவரை இங்கே இருப்போம். அதுவரை எட்டரைக்கு நான்தான் பார்க்கிறேன். வேலை இல்லாதவன் அட்டையை உன் ஆபீஸ் வாங்காது என்பதால் உன் வீட்டு முகவரிக்கு இதோடு வைத்திருக்கிறேன். மே 1 முதல் 10 வரை ஒன்றுமில்லை. 11-ஆம் தேதி காலை 3.2. குச்சியாலும் பார்த்தேன், கண்ணாலும் பார்த்தேன்.

ஊசி குத்தவில்லை. வேண்டுமானால் தடவிப் பார்.

அண்ணன்